அரைகுறையாக இருக்கும்போதே

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவக் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ரகசியமாக உழைத்தார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். சில மாதங்களில் நிறுவலில் ஓர் ஓட்டை தெரிந்தது. அது சரியானது 1994 செப்டம்பரில். கூட நின்று உழைத்தவர் அவருடைய முன்னாள் ஆய்வு மாணவர் ரிச்சர்ட் டெய்லர்.

வைல்ஸ் அப்போது பேராசிரியர். அவரால் காத்திருக்க முடிந்தது. உதவித்தொகை தீரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் முனைவர் பட்ட மாணவருக்கு அந்த வசதி இல்லை. தவறான திசையில் இரண்டு ஆண்டு போய்விட்டால் யார் திருப்பித் தருவார்கள்? அதனால், ஆய்வுக் கேள்வியையும் அணுகுமுறையையும் சீக்கிரமே நாலு பேர் முன் வைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். கருத்தை யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற அச்சம் பொய்யல்ல, அப்படி நடக்கிறது. ஆனால் கருத்தரங்கில் பேசிய தேதியும் ஆர்க்கைவ் போன்ற முன்பதிப்புக் களஞ்சியத்தில் ஏற்றிய தேதியும் பதிவாகி நிற்கும். இழுப்பறைக்குள் கிடக்கும் நோட்டுக்கு அந்தச் சாட்சி கிடையாது.

காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பு என்றால் கதை வேறு. விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டால் உரிமையே பறிபோகக்கூடும். நெறியாளரைக் கேட்காமல் வாய் திறக்க வேண்டாம். கள ஆய்வில் ஒருவர் நம்பிச் சொன்ன வாழ்க்கைக் கதையும் அப்படித்தான். அதை எவ்வளவு சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அதைச் சொன்னவர்.