கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

பில்லைப் பார்த்து நெஞ்சு படபடத்த ஓர் இரவில் கிரெடிட் கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. ஒழிந்ததா? வெட்டுப்பட்டது பிளாஸ்டிக் மட்டும்தான். கணக்கு வங்கியில் உயிரோடு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் வரும். அதன் மேல் ஜி.எஸ்.டி. வரும். கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும். என்றோ மறந்துபோன அந்தக் கார்டு, வீட்டுக் கடனுக்கு நீங்கள் போய் உட்காரும் நாளில் குறுக்கே வந்து நிற்கும்.

இவர்களுக்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம். “கார்டை மூடினால் சிபில் விழுந்துடும்” என்று யாரோ சொன்னார்களாம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தொட்டே பார்க்காத கார்டுக்கு வருடா வருடம் தண்டம் அழுகிறார்கள். பயந்து வெட்டுகிறவர், பயந்து வைத்திருக்கிறவர். இருவரையும் ஆட்டி வைப்பது பயம்தான். அட, சிபில் ஸ்கோர் என்று 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓடும் ஓர் எண்ணுக்கா இவ்வளவு நடுக்கம்? அது உங்கள் குணத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. உங்கள் சம்பளம்கூட அதில் சேராது. கடனை வாங்கினீர்களா, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், நாள் தவறாமல் கட்டினீர்களா என்ற கணக்கு, அவ்வளவே. கணக்கு என்றால் போட்டுப் பார்த்துவிடலாம். வாருங்கள், போடுவோம்.

உங்களிடம் இரண்டு கார்டுகள். ஒன்றின் லிமிட் 1,00,000 ரூபாய், மற்றதற்கு 50,000. மாதச் செலவு 30,000. மொத்த லிமிட்டான ஒன்றரை லட்சத்தில் நீங்கள் தொட்டது 20 சதவீதம். இப்போது பெரிய கார்டை மூடுகிறீர்கள். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆனாலும் அதே 30,000 இப்போது 50,000-த்தில் 60 சதவீதம்! இவர் கடனை நம்பியே காலம் தள்ளுகிறாரோ என்று அந்த எண் சந்தேகப்படுகிறது. 30 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்று சொல்வது இதனால்தான். அது சட்டம் அல்ல, தாண்டினால் தலை போகாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

பெரும்பாலானோருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று இதில் இருக்கிறது. பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்கும் ஸ்கோர் சறுக்குவது உண்டு. காரணம், கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி அனுப்பும் தொகை, அது கணக்கெடுக்கும் நாளில் நிற்கும் பாக்கி. கெடு தேதிக்குள் நீங்கள் கட்டுவது அதற்குப் பிறகாகவும் இருக்கலாம். ஆகவே பெரிய செலவு செய்த மாதத்தில் கெடு தேதிவரை காத்திராமல் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். பாக்கி குறைந்து பதிவானதும் விகிதம் இறங்கிவிடும். பழைய மாதத்து உயரம் பெரும்பாலும் உங்களைத் துரத்தாது. தவறவிட்ட தவணைதான் ஆண்டுக்கணக்கில் துரத்தும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலங்காதீர்கள்.

அப்படியானால் கார்டை மூடவே கூடாதா? யார் சொன்னது! ஆறு மாதத்துக்குள் வீட்டுக் கடனோ வாகனக் கடனோ வாங்கப்போகிறீர்களா, பொறுங்கள். மிகப் பழைய கார்டா, கட்டணம் இல்லாததா, கிடக்கட்டும். எப்போதாவது சின்னதாக ஒரு ரீசார்ஜுக்குத் தேயுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்தால், உங்களுக்குத் தெரிவித்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கியே மூடிவிடலாம். ஆனால் கார்டு கையில் இருந்தாலே செலவழிக்கிறீர்கள், மினிமம் டியூ மட்டும் கட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுக்கிறீர்கள் என்றால், பாக்கியை அடைத்துவிட்டு இன்றே மூடுங்கள்! ஸ்கோர் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும். அது மறுபடி ஏறும். வட்டியாய்ப் போன பணம் திரும்பி வராது. ஸ்கோருக்காகக் கடனில் கிடப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

மூடுவதென்றால் முறையாக மூடுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை. பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. போனில் பேசுகிறவர் “சார், கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம்” என்று இழுப்பார். பயனிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் மறுத்துவிடுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். “பாதி கட்டுங்க போதும், செட்டில் பண்ணிடலாம்” என்ற பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். ‘செட்டில்டு’ என்று பதிவானால், முழுக் கடனை இவர் கட்டவில்லை என்று அடுத்த வங்கி படிக்கும்.

பிறகு உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அந்த வதந்தியையும் தூக்கி எறியுங்கள். மூடிய கார்டு இன்னும் திறந்திருப்பதாகக் காட்டுகிறதா? புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கேட்டு வாங்குங்கள்!