கொட்டாயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்

தருமபுரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்துப் பார்த்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: கொட்டாய். யாரோ ஒரு விவசாயி தன் காட்டில் காவலுக்கோ மாட்டுக்கோ ஒரு கொட்டாய் போட்டிருப்பார். மகன் பக்கத்தில் இன்னொன்று போட்டிருப்பான். மூன்று தலைமுறையில் ஓடு, மாடி, டீக்கடை, பஸ் நிற்கும் இடம். இன்றைக்கு அது ஊர். எங்கள் மாரண்டஹள்ளிக் காலனிச் சனங்களும் கொட்டாய் போடத் தெரிந்தவர்கள்தான். இதுவரை போட்டதை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். அதில் ஒன்றுகூட ஊர் ஆகவில்லை. நாலாம் நாள் அது பிரிக்கப்பட்டு, லாரி ஏறி, அடுத்த கரும்புக் காட்டு வரப்பில் மறுபடியும் நிற்கும்.

ஒருவன் போட்ட கொட்டாய் ஊராகிறது, இன்னொருவன் போட்ட கொட்டாய் மூட்டையாகிறது. இந்த வித்தியாசம் எதில் இருக்கிறது? நிலத்தில் என்று உடனே சொல்லிவிடலாம். அது பாதி விடைதான்.

கரும்பை வெட்டினால் வைத்திருக்க முடியாது. வெட்டியதிலிருந்து எடை இறங்கும், சர்க்கரைச் சத்து இறங்கும். சீக்கிரம் ஆலைக்குப் போனால்தான் காசு. ஆலை சொல்லும் நாளில், ஆலை சொல்லும் காட்டில் ஆள் தயாராக நிற்க வேண்டும். தினமும் வீட்டுக்குப் போய் வருகிற வேலை இல்லை இது. வேலை இருக்கிற இடத்துக்கு வீட்டை நகர்த்துகிற வேலை. மேஸ்திரி முன்கூட்டியே முன்பணம் கொடுத்துவிடுவார். புருசன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு கணக்கு. அரவை தொடங்கியதும் தார்ப்பாய், நாலு மூங்கில், சட்டிபானை, ஒரு தகரப் பெட்டி, கைக்குழந்தை, சில பேருக்கு ஒரு கோழியும்கூட, எல்லாம் லாரியில். இறங்கின இடத்தில் மூங்கிலை நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பக்கவாட்டில் கரும்புச் சோகையைச் செருகினால் வீடு. சர்க்கரை அடிக்கரும்பில்தான் அதிகம் என்பதால் மண்ணை ஒட்ட வெட்டணும். அப்படி வெட்ட முதுகு மண்ணுக்குக் குனியணும். சோகை உரித்து, கொண்டை கழித்து, கட்டுக் கட்டி, சாய்த்து வைத்த பலகையில் தலைச்சுமையோடு ஏறி லாரியில் அடுக்கணும். கூலி டன் கணக்கு. குளியல் விடியறதுக்கு முன்னால், நாலு சேலையை மறைப்பாகக் கட்டி. ஐந்து வயதிலிருந்து நாலு அரவைப் பருவம் நானும் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான் தூங்கினேன். பிறகு ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைத்தது. விடுதி கிடைக்காதவர்கள் இன்றைக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள்.

‘இந்த அலைச்சல் எதுக்கு அத்தே, ஊர்லயே இருக்கலாம்ல’ என்று என் அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: ‘ஊர்ல இருந்தா மட்டும் என்ன கண்ணு? அங்கயும் ஒரு ஓரம், இங்கயும் வரப்புல ஒரு ஓரம். ஆனா இங்க எவனும் வாசல்ல வந்து நின்னு, பெரியவூட்ல சாவு, பறை எடுத்துக்கிட்டு வாடான்னு உன் மாமனக் கூப்புட முடியாதுல்ல.’

இதை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. நம் மேடைகளில் புலம்பெயர்வு என்றாலே வேரறுந்த கதையாகத்தான் பேசுகிறோம். எந்த வேர்? அந்த வேரில்தான் பறையும் வெட்டிமை வேலையும் செத்த மாடும் கட்டிப் போடப்பட்டிருந்தன. பெங்களூர் போகிற ரயில் பாதை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதில் ஏறிப்போய்த் தகரக் கொட்டகையில் படுத்துக் கட்டடம் கட்டியவர்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, அவர்களைப் பழைய தொனியில் கூப்பிட ஆதிக்கச் சாதிக்காரனுக்கு நாக்கு கூசியது. அலைச்சல் கொடுத்த லாபம் அது.

அதற்காக அலைச்சலைக் கொண்டாட முடியுமா? நம் சிற்றிதழ்களில் ஒரு காலத்தில் ‘நாடோடி’ என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. எல்லைகளைக் கலைக்கிறவன், அதிகாரத்துக்குள் அடங்காதவன் என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பலருக்குச் சொந்த வீடு இருந்தது. வகுப்பில் ஆற்றுப்படை நூல்களை எனக்கு நடத்தியபோதும் இதே கதைதான். யாழையும் முழவையும் கட்டித் தூக்கிக்கொண்டு போன பாணர் கூட்டத்தை வழிநடை அழகாகச் சொன்னார்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். அந்த வழி முழுக்கப் பசி. எங்கள் தகடூர் அதியமானைத் தேடிப் பாணர் வந்ததும் பசித்துத்தானே.

சமீபத்தில் மாணவர்கள் சிலரோடு ‘நோமேட்லேண்ட்’ படம் பார்த்தேன். 2020இல் வந்து மறு வருடம் ஆஸ்கர் வாங்கிய படம். ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி இருக்கிறது. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. வசதியானவர்கள் விடுமுறைக்குப் போக வாங்குவது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டையும் சேமிப்பையும் இழந்த வயதானவர்கள் பலர் அதிலும் சாதாரண வேனிலும் நிரந்தரமாகக் குடியேறினார்கள். கோடையில் காட்டு முகாம்களில் காவல் இருப்பது, கூடாரக்காரர்களிடம் கட்டணம் வாங்குவது, கக்கூஸ் கழுவுவது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமேசான் கிடங்கு. இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை. அதைப் பார்த்ததும் ஒரு மாணவி சிரித்துவிட்டாள்: ‘அங்கயும் சக்கரைதானா!’ படத்தின் நாயகி வாழ்ந்த எம்பயர், நெவாடா மாநிலத்தில் நிசமாகவே இருந்த ஆலை ஊர். 2011இல் ஜிப்சம் ஆலையை மூடியதும் அந்த ஊரின் அஞ்சல் குறியீடே நீக்கப்பட்டது.

அவர்கள் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுபது வயதில் கிடங்கில் நடப்பது கொடுமைதான். ஆனாலும் ஒன்று உறுத்தியது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் இப்படி வண்டியில் வாழ்கிறவர்கள், ஒரே ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி அந்த மாநிலத்துக்காரராக ஓட்டுநர் உரிமம் வாங்க முடிந்திருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஒரு விலாசம்! ஆறு மாதம் ஒரு தாலுகா முழுக்கக் கரும்பு வெட்டுகிறவருக்கு அந்தத் தாலுகா ஒரு காகிதமும் தராது. இன்னொன்று, புரூடர் சந்தித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அதை அவரே கவனித்து எழுதுகிறார். இருட்டில் வாகன நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்திருக்கும்போது போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினால், கறுப்பருக்கு அது வேறு தட்டல். அந்த நாட்டில் கறுப்பர்கள் பயணம் போக, எங்கே சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகமே 1936 முதல் முப்பது வருடம் அச்சாகிக்கொண்டிருந்தது. விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் தொடங்கியது.

வண்டியில் படுப்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஆர்.வி. இல்லை, ஒரு மாட்டு வண்டி. 1901. சிறுவன் பீமராவ், அண்ணனோடும் அக்கா மகனோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. இரட்டைக் கூலிக்கு ஒருவன் ஒத்துக்கொள்கிறான். பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுங்கச்சாவடிப் பக்கம் மாட்டை அவிழ்த்துவிட்டு, சாய்த்து நிறுத்திய வண்டியின் பலகையிலேயே ராத்திரி படுத்துக் கிடக்கிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிறகு பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடிக்காரர்கள் அவரை வெளியேற்றியதும் அதே குறிப்புகளில் இருக்கிறது. அவற்றுக்கு அவர் வைத்த தலைப்பு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. சொந்த நாட்டுக்குள் நடமாட விசா! எல்லா ஊரும் எனக்குச் சொந்த ஊர் என்று பாட, முதலில் ஒரு ஊராவது தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும்.

மனு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறான். பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், எப்போதும் அலைந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறான். அலைச்சலுக்கு அவன் பயன்படுத்துகிற சொல் ‘பரிவ்ரஜ்யா’. சந்நியாசி வீட்டைத் துறந்து திரிவதற்கும் அதே சொல்தான். ஒரே நடை, ஒரே ரோடு. ஒருவன் அதில் நடந்தால் துறவு, மோட்சம், காலில் விழுந்து கும்பிடு. இன்னொருவன் நடந்தால் தண்டனை. அதுவும் ராத்திரியில் ஊருக்குள் நடக்கக் கூடாது என்று அடுத்தாற்போலவே ஒரு விதி. துறவிக்குத் துறக்க ஒரு வீடு இருந்தது. வீடே கொடுக்காமல் ஒருவனைத் துறவியாக்குகிற தந்திரம் இந்த நாட்டில்தான் உண்டு. வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது அலைகிற சனங்களின் அலைச்சலையே குற்றமாக்கினான். இவன் அலையச் சொன்னான், அவன் அலைந்தால் பிடித்தான்.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்தபோது முன்வைத்த கருத்து இங்கே முக்கியம். ஓரிடத்தில் தங்கி விவசாயம் பார்த்த கூட்டங்களும் அலைந்து திரிந்த கூட்டங்களும் மோதிக்கொண்ட காலம். சிதறடிக்கப்பட்ட மனிதர்கள், தங்கிவிட்டவர்களின் ஊர்களுக்குக் காவலாக வெளியே குடிவைக்கப்பட்டார்கள் என்கிறார். வரலாற்றாசிரியர்கள் இதை ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் தனி விசயம். எனக்குப் படுவது இதுதான்: சேரி என்பது வீடும் இல்லை, ரோடும் இல்லை. அலைந்தவனை நிறுத்தி, ஆனால் உள்ளே விடாமல் வைத்த இடம்.

அப்படியானால் ஓரிடத்தில் நிலைத்து இருப்பது மட்டும் விடுதலையா? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். பறையர் குடிசை நின்ற மனை மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வர 1971 ஆயிற்று. அதுவரைக்கும் வீடு என்பது ஆளைக் கட்டி வைக்கிற முளைக்குச்சி.

சரி, சொந்த மனையில் சொந்தக் காசில் கட்டினால்? 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் அலைந்து சம்பாதித்துக் கட்டிய வீடுகள். தார்ப்பாய்க்குக் கீழே படுத்து மிச்சம் பிடித்தது பீரோவாக, வண்டியாக, டி.வி.யாக நின்றது, அவை எரிந்தன. ‘நத்தம்’ என்றால் ரெவின்யூ பாசையில் குடியிருக்கிற இடம் என்று அர்த்தம். குடியிருக்கிற இடம் என்று பேர் வைத்த இடத்தில் குடியிருக்க விடவில்லை. அந்தச் சமயம் எங்கள் காலனியில் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘கொட்டாயா இருந்திருந்தா சுருட்டிக்கிட்டு ஓடியிருக்கலாம்.’

ஆகவே தங்குவதா அலைவதா என்று கேட்பது எனக்குப் பொய்யான கேள்வியாகப் படுகிறது. போகச் சொல்கிறவன் யார், நிற்கச் சொல்கிறவன் யார் என்பதுதான் கேள்வி. என் அத்தை போவதை அத்தை தீர்மானிக்கவில்லை, முன்பணம் தீர்மானிக்கிறது. அத்தை நிற்பதையும் அத்தை தீர்மானிக்கவில்லை, சேரி தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பறை எடுக்கக் கூப்பிட ஆளில்லாத அந்தச் சில மாதத்தைத்தான் அவர் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறார். அது சின்ன விசயம் என்று சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை.

ஆனால் சாவு வந்தால் அந்தச் சின்ன விடுதலையும் கழன்றுபோகிறது. சில வருடத்துக்கு முன் கடலூர்ப் பக்கம் வெட்டுக்குப் போன இடத்தில் எங்கள் கூட்டத்துப் பாட்டி ஒருவர் இறந்துபோனார். வயசான சாவுதான். எங்கே புதைப்பது? காட்டுக்காரர் தன் நிலத்தில் முடியாது என்றார். அந்த ஊர்ச் சுடுகாடு ஊர்க்காரர்களுக்கு. அந்த ஊர்ச் சேரிக்காரர்கள் இரக்கப்பட்டார்கள், ஆனால் அவர்களுக்கே அரை ஏக்கர் இடம். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் முன்பணத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வேன் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக மாரண்டஹள்ளிக்குக் கொண்டுவந்தோம். உயிரோடு எங்கே வேண்டுமானாலும் கொட்டாய் போட விட்டவர்கள், ஆறடிக்கு மட்டும் சாதி கேட்டார்கள், ஊர் கேட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1979இல் வந்த மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் தங்க இடம் தர வேண்டும், போக்குவரத்துப் படி தர வேண்டும் என்றது. அது மாநில எல்லையைத் தாண்டியவருக்குத்தான். தருமபுரியிலிருந்து கடலூர் போகிறவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் எங்கேயும் போகவில்லை. 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டமும் மாநிலம் தாண்டியவரைத்தான் புலம்பெயர்ந்தவர் என்று எண்ணுகிறது. ரேஷனை எங்கேயும் வாங்கலாம் என்று 2020இல் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. அரிசி நகர்கிறது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு நகரவில்லை, சுடுகாடு நகரவில்லை.

எங்கள் காலனியில் போன மாதம் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். வெட்டுக்குப் போகிற தாலுகாவிலேயே பருவத்துக்கு ஒரு வசிப்பிடச் சான்று. பிள்ளைகளை அந்தப் பருவத்துக்கு அங்குள்ள பள்ளியில் சேர்த்து, திரும்பி வந்ததும் இடைநின்றவர் என்று பேர் எழுதாமல் இங்கே சேர்ப்பது. இறந்தால் எந்தப் பொதுச் சுடுகாட்டிலும் அடக்கம் செய்யும் உரிமையை எழுத்தில் கொடுப்பது. மூன்றாவதை எழுதும்போது ஒரு தோழர், ‘இதைப் போய் மனுவுலயா கேக்கறது, அசிங்கமா இருக்கே’ என்றார். எழுதினோம்.

மனுதாரர் முகவரி என்ற இடத்தில் எல்லோருக்கும் காலனி விலாசத்தையே போட்டிருக்கிறது. இன்னும் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கணும். பதினோரு பேரும் வெட்டில் இருக்கிறார்கள். அத்தையும் அதில் ஒருவர். எந்தக் காட்டில் என்று மேஸ்திரிக்குப் போன் போட்டால்தான் தெரியும்.