எல்லை கடந்தால் தாய்மை மாறுமோ?

ஒரு பொருளின் தன்மை அது இருக்கும் இடத்தால் மாறுபடுமோ என்பது தருக்க நூலோர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா. அவ்வினா அண்மையில் ஐரோப்பிய நீதிமன்றங்களின் முன் ஒரு பெண்குழந்தையின் வழக்காக வந்து நின்றது.

பல்கேரிய நாட்டுப் பெண்மணி ஒருவரும், ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டானியப் பெண்மணி ஒருவரும் 2018-இல் ஜிப்ரால்டரில் சட்டப்படி மணம் புரிந்து, ஸ்பெயினில் இல்லறம் நடத்தி வந்தனர். 2019-இல் அங்கே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஸ்பெயின் அரசு வழங்கிய பிறப்புச் சான்றிதழில் இருவரும் தாயர் என்றே பதிவாயினர். எனினும் இருவரும் ஸ்பெயின் குடிமக்கள் அல்லர். ஆதலின் அந்நாட்டுக் குடியுரிமை குழந்தைக்குக் கிட்டவில்லை. பிரிட்டானியச் சட்டமும் அவளுக்கு இடம் தரவில்லை. எஞ்சியது பல்கேரியா ஒன்றே. தலைநகராகிய சோபியாவின் நகராட்சியோ, இருவருள் ஈன்றவர் யார் என வினவியது. விடை கூற அவர்கள் உடன்படாமையின் சான்றிதழ் தர மறுத்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்பது அந்நாட்டு அரசமைப்பின் கொள்கை. இவ்வாறு எந்நாட்டுக்கும் உரியவள் ஆகாமல் நிற்கும் அபாயம் அக்குழந்தைக்கு நேர்ந்தது.

2021 டிசம்பர் 14 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. குழந்தை பல்கேரியக் குடிமகளாயின் அவளுக்கு அந்நாடு கடவுச்சீட்டோ அடையாளச் சான்றோ வழங்குதல் வேண்டும். அவள் இரு தாயருடனும் ஒன்றிய நாடுகளுள் தடையின்றிச் சென்றுவர இசைதல் வேண்டும் என்றது. தன்பாலினத் திருமணத்தைத் தன் சட்டத்தில் புகுத்துமாறு அது பல்கேரியாவை வற்புறுத்தவில்லை. ஆயினும் 2023 மார்ச்சில் பல்கேரியாவின் உச்ச நிருவாக நீதிமன்றம், ஈன்றவர் பல்கேரியர் என்பது மெய்ப்பிக்கப்படாமையின் குழந்தை அந்நாட்டுக் குடிமகள் அல்லள் என்று கூறிக் கோரிக்கையைத் தள்ளியது. திருமணத்தைப் பற்றியும் இத்தகைய வழக்கு எழுந்தது. 2018-இல் பெர்லினில் மணந்த இரு ஆடவரின் திருமணத்தைப் போலந்து ஏற்க மறுத்தபோது, ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி நிகழ்ந்த மணத்தை மற்றொரு நாடு புறக்கணித்தல் தகாது என 2025 நவம்பர் 25 அன்று அதே ஒன்றிய நீதிமன்றம் கூறியது.

நம் சியாத்வாதத்தைக் கொண்டே பல்கேரியாவின் பக்கம் ஒருவர் வாதிடல் கூடும். திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் நோக்கியே ஒரு பொருளை உளது என்றும் இலது என்றும் கூறுகிறோம். “குடம் தன் இடத்தில் உளது, பிற இடத்தில் இலது. அதுபோல அவ்விருவரும் ஸ்பெயினில் தாயர். பல்கேரியாவில் தாயர் அல்லர். இதில் பிழை யாது?” என அவர் கேட்கலாம். கேள்வி கூரியதே. ஆயினும் குடத்திற்குரிய இடம் என்பது அக்குடம் தானே நிறைந்து நிற்கும் இடமாகும். பிறர் நிலத்தில் கிழித்த கோடு அதன் இடத்தை வரையறுப்பதில்லை. குடத்தைச் சுமந்து அடுத்த ஊருக்குச் சென்றால் அதன் இடமும் உடன் செல்கின்றது. எல்லையைத் தாண்டியவுடன் அது ஆடையாகிவிடுவதில்லை. இரவெல்லாம் விழித்துக் குழந்தையைப் பேணிய கைகளும் அத்தகையனவே. அவை எந்நாட்டில் இருப்பினும் பேணிய கைகளே.

ஒரு நாட்டின் சட்டம் ஒரு நயம், அஃதாவது ஒரு நோக்கு. திருமணம் இன்னது எனத் தன் மக்களுக்கு வரையறுக்கும் உரிமை அதற்கு உண்டு என்பாரின் கூற்றிலும் பொருள் உண்டு. ஆனால் தன் நோக்கு ஒன்றே மெய், ஏனையவை பொய் என அது சாதிக்கும்போது துர்நயம் ஆகின்றது. பெரியோர் கொண்ட கருத்து வேற்றுமையின் விலையை அதில் பங்கேற்காத குழந்தை செலுத்த நேர்வது அப்போதுதான்.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து. அவற்றுள் முதலாவது பந்தம். தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை கண்ட பூஜ்யபாதர், விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாது தடுத்தலே பந்தம் என விளக்குகிறார். நான்காவது, தாங்கவியலாத சுமையை ஏற்றுதல். கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட குழந்தை கயிறின்றிக் கட்டுண்டவள். பெற்றோரின் மணத்தைப் பற்றிய நாடுகளின் வழக்கைச் சுமப்பவள் தாங்கவியலாத சுமையைச் சுமப்பவள். பள்ளியில் சேரும் நாளிலும், மருத்துவமனையில் ஒப்பமிடும் நேரத்திலும், எல்லைச் சாவடியிலும் “இவளுக்கு நீ யார்?” என்னும் வினா அவளைத் தொடரும்.

“இத்தகைய இணைவு இயற்கைக்கு மாறானதன்றோ? அதற்குத் துணைநிற்றல் அறமாகுமோ?” என நம்முள் சிலர் ஐயுறக்கூடும். ஆண், பெண், அலி என்னும் மூவகை வேதங்களும் மோகனீய கருமத்தின் உதயத்தால் விளைவன என்பதே நம் ஆகமக் கொள்கை. உடலின் குறியும் உள்ளத்தின் விழைவும் சிலரிடத்து ஒவ்வாமல் அமைதலும் உண்டு என்பதைக் கோம்மடசாரம் உரைக்கின்றது. கணவன் மனைவியரின் விழைவும் அக்கருமத்தினின்றே பிறப்பதாயின், ஒருவரை நோக்கி மற்றவர் தூய்மை பேசுதற்கு இடமில்லை. புலனடக்கம் எல்லா இல்லறத்தார்க்கும் பொது. அவரவர் வினையை அவரவரே துய்ப்பர். அவ்வினைக்குத் தண்டனையாகக் குழந்தையின் சான்றிதழை மறுக்கும் அதிகாரத்தை எந்த ஆகமமும் எவருக்கும் வழங்கவில்லை.

நால்வகைத் தானங்களுள் அபயதானத்தை நாம் உயர்வாகப் போற்றுகிறோம். நாடுகள் தம் சட்டங்களைத் தமக்கு ஏற்ற காலத்தில் ஆராய்ந்து திருத்திக் கொள்ளட்டும். குழந்தையோ அதுவரை காத்திருக்க இயலாது. அவள் நாள்தோறும் வளர்கின்றாள். அவளை வளர்ப்போர் இன்னார் என எழுதப்பட்ட ஒரு தாளை எல்லா எல்லைகளிலும் மதித்தல், ஓர் அரசு அவளுக்குச் செய்யக்கூடிய அபயதானம் ஆகும்.