வா என்னும் ஓரெழுத்து

மெல்லச் சொல்லிப் பாருங்கள். வா. மேற்பல் கீழுதட்டைத் தொட்டு விலகுகிறது. வாய் திறக்கிறது. உள்ளே தங்கியிருந்த காற்று ஒரு சிறு ஒலியோடு வெளியேறுகிறது. யாரையோ நம்மிடம் அழைக்கிறோம். அழைக்கும் அந்தக் கணத்திலேயே நம் மூச்சு நம்மை விட்டுப் போகிறது. இன்னொரு முறை சொல்லுங்கள். இப்போது யாரையும் அழைக்க வேண்டாம். ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். பொருள் இறங்கிப் போன பிறகு அந்த ஒலியில் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. அது சும்மா இருக்கிறது. இந்தச் சும்மா இருத்தலின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்போம்.

பவானி ஊரில் இந்த ஓரெழுத்து விடிவதற்கு முன்பே புழங்கத் தொடங்கிவிடும். காவிரியும் பவானி ஆறும் சேரும் கூடுதுறைப் படிக்கட்டில் பேரனைக் குளிக்க வைக்கும் ஆத்தா, 'வா சாமி, பயப்படாத வா' என்று தண்ணீருக்குள் நின்றபடி கைநீட்டுவார். படியில் நிற்கும் பிள்ளைக்குக் குளிரும் அச்சமும். ஆனாலும் அந்த 'வா'வை நம்பி ஒரு படி இறங்கும். கடைவீதியில் 'வாங்கண்ணா, வாங்க' என்ற குரல். கொங்குப் பேச்சில் ஒரு 'வாங்க'வுக்குள் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். புறப்படும்போது 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'போயிட்டு வர்றனுங்க' என்பார்கள். போவதற்குள்ளும் ஒரு வருதலை வைத்துவிட்டுத்தான் வாசற்படி இறங்குவார்கள். பிரிவை மனம் வெறுங்கையோடு தாங்காது என்பதைப் பேச்சே அறிந்து வைத்திருக்கிறது.

ஒரே ஒரு வாசலில் மட்டும் நாம் இதைச் சொல்வதில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வாய் திறக்காமல் இறங்கி நடந்துவிடுகிறோம். 'வர்றேன்' என்ற சொல் அங்கே நெஞ்சைச் சுடும். சொல் அதேதான். ஒரு வாசலில் அது அன்பாக இருக்கிறது, அடுத்த வாசலில் அச்சமாகிவிடுகிறது.

ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பதை நம் இலக்கணம் ஓரெழுத்தொருமொழி என்கிறது. நன்னூல் அத்தகைய சொற்கள் 42 என்று எண்ணி வைத்தது. அவற்றில் வகரத்துக்கு நான்கு: வா, வீ, வை, வௌ. அந்நூலைச் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்று கொங்கு மரபு உரிமை கொண்டாடுகிறது. அந்த உரிமையில் எனக்கு ஓர் ஆசை உண்டு. இந்த மண்ணில் உலவிய ஒரு சமண முனிவர், சொல்லைச் சுருக்கிச் சுருக்கி ஓர் எழுத்துக்கே வந்து நின்று, அதற்குள்ளும் ஒரு பொருள் இருக்கிறது என்று கண்டார் என நினைக்கும்போது மனம் நிறைகிறது.

பவானி வட்டாரத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாகப் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கன்னடத்தில் அழைத்தால் 'பா'. தெலுங்கில் அழைத்தால் 'ரா'. இவை நம் 'வா'வின் உடன்பிறப்புகள். முகம் சற்று மாறியிருந்தாலும் குடும்பம் ஒன்று. ஆனால் உறவே இல்லாத மொழிகளிலும் இந்த ஒலி தனியாகப் பிறந்திருக்கிறது. கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயில் சந்நிதியில் ஒலிக்கும் சமஸ்கிருதத்தில் 'வா' என்றால் 'அல்லது'. இதுவா, அதுவா என்று முடிவுக்கு வராமல் நிற்கும் இடம் அது. அதே மொழியில் காற்று வீசுவதைக் குறிக்கும் வேரும் 'வா'தான். வாயு என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. புதுச்சேரியில் இன்றும் காதில் விழுகிற பிரெஞ்சில் இந்த ஒலிக்குப் பொருள் 'போ'.

இங்கே சற்று நிற்போம். நாம் கைநீட்டி அழைக்கும் ஒலி, இன்னொரு மொழியில் வழியனுப்பும் ஒலியாக இருக்கிறது. பிரெஞ்சு மட்டுமே அறிந்த ஒரு குழந்தையிடம் முகம் காட்டாமல், கை நீட்டாமல் 'வா' என்று மட்டும் சொன்னால், அது விலகிப் போகக்கூடும். நம் அன்பில் குறைவில்லை. ஒலியும் மாறவில்லை. கேட்கும் மனம் தன்னிடமிருந்த பொருளை எடுத்து அதன்மேல் சாத்திக்கொண்டது. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் வெளிப்படையாகப் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லைப் பற்றிச் சொன்னார். நாம் அதை நம் வாழ்வோடும் சேர்த்துக் கேட்கலாம்.

நம்மிடம் வந்து சேரும் நாட்களும் இப்படித்தான் பொருள் பெறுகின்றன. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் நட்டவர் வானத்தைப் பார்த்து வா என்கிறார். சாயம் தோய்த்த நூலைக் கொடியில் காயப்போட்டவர் அதே மேகத்தைப் பார்த்துப் போ என்கிறார். இருவரும் ஒரே ஊர், ஒரே வானம். மழை இருவருடைய பேச்சையும் கேட்பதில்லை. அது பெய்கிறது, அல்லது பெய்யாமல் கடக்கிறது. மனம் மட்டும் ஒருபக்கம் மகிழ்ந்து, ஒருபக்கம் வாடி, களைத்துப் போகிறது.

பவானி ஜமக்காளம் நெய்கிற குழித்தறியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அகலமான ஜமக்காளம் என்றால் தறியில் இருவர் உட்கார்வார்கள். பள்ளத்தில் கால்கள் மிதியை மாற்ற, பாவு இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு வழி திறக்கும். இந்தப் பக்கத்துக் கை நாடாவைத் தள்ளும். அந்தப் பக்கத்துக் கை அதைப் பிடிக்கும். பிறகு அங்கிருந்து இங்கே. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக விரிப்பு வளரும். நாடா கையை விட்டு நீங்கும்போது இவருக்கு அது போகிறது. அதே நொடியில் அவருக்கு அது வருகிறது. நடந்தது ஒரே அசைவு. அதற்கு இரண்டு பெயர் வந்தது, இருவர் இருவேறு இடத்தில் உட்கார்ந்திருப்பதால்.

தொல்காப்பியர் இதையும் கண்டிருக்கிறார். வருதல் என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, செல்லுதல் படர்க்கைக்கு உரியது என்று அவர் வகுத்தார். என்னை நோக்கி, உன்னை நோக்கி நடப்பது வரவு. நம் இருவரையும் விட்டு வேறொருவரை நோக்கி நடப்பது செலவு. அப்படியானால் வரவு என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே 'நான்' என்று ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த 'நான்' சற்று நகர்ந்துகொண்டால் வரவு எங்கே, செலவு எங்கே? இலக்கணம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து கடந்துபோகும் இடம் இது. எனக்கு இது தியானத்தின் வாசலாகவே தெரிகிறது.

கூடுதுறையில் நின்று பார்க்கும்போது காவிரி மேட்டூர்ப் பக்கமிருந்து வருகிறது. பவானி ஆறு நீலகிரி மலைச்சாரலின் நீரைச் சுமந்து சத்தியமங்கலம், கோபி கடந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து ஈரோட்டுப் பக்கம் போகின்றன. ஆற்றின் கீழ்ப்பக்கம் கொடுமுடியில் நிற்பவரைக் கேட்டால், காவிரி வருகிறது என்பார். நீரைக் கேட்டால் அது என்ன சொல்லும்? ஓடுவது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆடி அமாவாசையன்று இந்தத் துறையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களைப் பாருங்கள். முதலில் இறந்தவர்களை வரும்படி அழைக்கிறார்கள். அவர்கள் வந்ததாகக் கொண்டு உபசரிக்கிறார்கள். கடைசியில் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போகும்படி வேண்டிக்கொள்கிறார்கள். ஆண்டு முழுவதும் உள்ளுக்குள் 'வாப்பா, ஒருமுறை வந்துட்டுப் போ' என்று அழுதுகொண்டிருந்த மனம், அங்கே ஈரத்துணியோடு நின்று, தானே போகச் சொல்லவும் கற்றுக்கொள்கிறது. வாவும் போவும் ஒரே சடங்கின் இரு முனைகள். படியேறித் திரும்புகிறவர்களின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அது துயரம் தீர்ந்ததால் வந்த தெளிவாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததால் வந்த தெளிவு.

நம் மனமும் நாள் முழுக்க இந்த இரண்டு சொற்களைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. பிடித்ததைப் பார்த்து வா. பிடிக்காததைப் பார்த்துப் போ. வந்தது போய்விடுமோ என்று அச்சம். போனது வராதோ என்று ஏக்கம். ஆசை என்கிறோம், வெறுப்பு என்கிறோம். நூல்கள் அவற்றுக்கு ஆயிரம் பெயர் சொல்லும். உள்ளே இறங்கிக் கேட்டால் இந்த இரண்டு ஓரெழுத்துகள்தாம். ஓர் எண்ணம் எழும்போது அதை அழைக்காமலும் விரட்டாமலும், அதன் ஒலியை மட்டும் கேட்டிருக்க முடியுமா? முடியும். ஒரு மூச்சளவுக்காவது முடியும். அந்த ஒரு மூச்சு போதும், அதற்குள் இறங்கிப் பார்க்க.

பொருளையெல்லாம் உதறிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆத்தாவின் 'வா சாமி' வெறும் காற்று என்று எப்படிச் சொல்வது? பொருள் நாம் கொடுப்பது என்று தெரிந்தபின், அன்போடு கொடுக்கவும் நம்மால் முடிகிறது. அந்த உரிமை நம் கையில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் நலம் விசாரிக்கும்போது சொல்வது நம் காதுக்குச் 'சாவா' என்றே விழும். எல்லாம் நல்லபடி போகிறதா என்று அதற்குப் பொருள். பதற்றமான காதுக்கு அது மரணத்தைக் கேட்பது போல இருக்கும். ஆனால் தமிழிலேயே 'சாவா' என்பதற்கு இறவாத என்ற பொருளும் உண்டு. சாவா மருந்து என்றால் அமுதம். கூடுதுறையில் காவிரியோடும் பவானியோடும் மூன்றாவதாக வந்து சேர்வது கண்ணுக்குத் தெரியாத அமுதநதி என்பது இந்த ஊரின் நம்பிக்கை. ஒரே ஒலியில் சாவைக் கேட்கவும் அமுதத்தைக் கேட்கவும் நம்மால் முடிகிறது. எதைக் கேட்கிறோம் என்பது அந்தந்த நாளின் மனத்தைப் பொறுத்தது.

கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. கோவை ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ 1804ல் காணிக்கையாகக் கொடுத்தது. மழை கொட்டிய ஓர் இரவில் ஒரு சிறுமி வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்துப் போனாள், பின்னாலேயே அவர் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்தது என்று ஊர் சொல்லும். அவள் எந்த மொழியில் அழைத்தாள் என்று நான் கேட்ட எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அழைப்பு புரிந்தது, அவர் எழுந்து நடந்தார்.

பசிபிக் கடலின் சமோவாத் தீவு மக்கள் 'வா' என்ற ஒலிக்கு இன்னொரு பொருள் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளி. ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் இடையில் இருப்பது. அது பிரிக்கும் வெற்றிடமாக அவர்களுக்குத் தெரிவதில்லை. உறவு அந்த வெளியில்தான் வாழ்கிறது, அதைப் பேணுவது கடமை என்கிறார்கள். நமக்கு அழைப்பு, பிரெஞ்சுக்கு அனுப்புதல், சமஸ்கிருதத்துக்குத் தயக்கம், அவர்களுக்கு நடுவெளி. வாவுக்கும் போவுக்கும் நடுவே நாம் தேடிக்கொண்டிருந்த அமைதியான இடத்துக்கு, நாம் அறியாத தீவொன்றில் நம் ஒலியையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பவானிக் கடைவீதியிலேயே கேட்கலாம். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று ஒருவர் சொல்ல, எதிரே வருபவர் 'வ அலைக்குமுஸ் ஸலாம்' என்கிறார். உங்கள்மீது அமைதி உண்டாகட்டும் என்பது வாழ்த்து. உங்கள்மீதும் உண்டாகட்டும் என்பது பதில். தொடக்கத்தில் நிற்கும் அந்தச் சின்ன 'வ'வுக்கு அரபியில் பொருள், நம் 'உம்'. வியட்நாமியர் மொழிக்கும் அரபிக்கும் ஓர் உறவும் இல்லை. அங்கேயும் 'வா' என்றால் 'உம்'தான். தனக்குக் கிடைத்த அமைதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளாமல் வந்த வழியே திருப்பித் தருவதற்குக் கடைவீதியில் பதில் சொன்னவருக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இருவரும் நூல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.