சாட்சிக்கு விலக்கா, கூண்டுக்கு விலக்கா?

புது ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர்களில் கோர்ட்டு வழக்கு என்றால் பாகப்பிரிவினையும் உயிலும்தான் முதலில் நினைவுக்கு வரும். உயில் உண்மையானது என்று நிரூபிக்க, அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது வந்து சொல்லியாக வேண்டும்; அவர் உயிரோடும் சொல்லக்கூடிய நிலையிலும் இருக்கும்வரை சட்டம் அவரைத்தான் கேட்கும். தகராறோ எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் கிளம்பும். அதற்குள் ஒரு சாட்சி போய்ச் சேர்ந்திருப்பார், இன்னொருவருக்கு வயது எழுபதைத் தாண்டி, கூடவே பார்க்கின்சன் நோயும் வந்திருக்கும். ‘இந்த மனுஷரைப் போய்க் கோர்ட்டுக்கு இழுக்கணுமா, விட்டுவிடக் கூடாதா’ என்று வீட்டார் கேட்பது இயல்பு. விடக் கூடாது என்பதே என் கட்சி. பஸ் ஏறுவதிலிருந்து, பகல் முழுக்கக் கோர்ட்டு வராந்தாவில் காத்துக் கிடப்பதிலிருந்து, கூண்டில் கால் கடுக்க நிற்பதிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். தெரிந்ததைச் சொல்லும் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்தால் அது கருணை போலத் தெரியும். ஆனால் அவர் பேச்சு இனி எடுபடாது என்று ஊரறியச் சொல்வதாகத்தான் முடியும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். முழுக்கச் சரியில்லை, நோய் முற்றும்போது பலருக்கு மறதியும் குழப்பமும் வருகின்றன, மருந்தாலேயே இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. ஆனாலும் தொடக்க வருஷங்களில் நோய் முதலில் பிடிப்பது உடம்பின் அசைவை. கை நடுக்கம் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டில் ஆபத்தாவது மற்ற அடையாளங்கள்தான். முகத் தசைகள் இறுகி உணர்ச்சி எதுவும் வெளியே தெரியாது. குரல் தேய்ந்து முணுமுணுப்பாகும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். சாட்சி சொல்பவரின் நடத்தையைக் குறித்துக்கொள்ளச் சட்டம் நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. கல்லாகிப் போன முகத்தைப் பார்த்து ‘ஈடுபாடின்றிப் பதில் சொன்னார்’ என்று ஒரு வரி பதிவானால் என்ன ஆகும்? இடைவெளியைக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல், ‘யோசித்து யோசித்துக் கட்டிச் சொல்கிறார்’ என்பார். பழைய பத்திரத்துக் கையெழுத்தையும் இன்றைய கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து, இது அவருடையதே இல்லை என்றும் வாதிடலாம். பொய் சொல்பவனுக்கென்று நாம் வைத்திருக்கும் அடையாளங்களில் பாதி, இந்த நோயாளியிடம் நோயாகவே இருக்கின்றன. அதனால் கோர்ட்டு முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த நோயைப் பற்றித்தான்.

இந்த நோயாளியை எங்கே வைத்துக் கேட்பது என்ற கேள்வி நம் நாட்டில் மிகக் கசப்பாக எழுந்தது ஸ்டான் சுவாமி விஷயத்தில். திருச்சி மாவட்டத்தில் 1937-இல் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார்; அவருக்கும் பார்க்கின்சன் நோய். பீமா கோரேகான் வன்முறை வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) தன்னை ராஞ்சியில் 15 மணி நேரம் விசாரித்ததாக அவரே ஒரு வீடியோவில் சொன்னார். அடுத்து மும்பைக்கு வரச் சொன்னபோது, 83 வயது, கொரோனா காலம், உடல்நிலை இவற்றைச் சொல்லி, வீடியோ கான்பரன்ஸில் கேட்டால் பதில் சொல்கிறேன் என்றார். பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் கேளுங்கள் என்றார், அவ்வளவுதான். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 65 வயதைத் தாண்டிய ஆண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் போலீஸின் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வரவழைக்கக் கூடாது என்றுதான் சொன்னது. அது சாட்சிக்கு உள்ள சலுகை, சந்தேகத்துக்கு ஆளானவருக்கு இல்லை என்று வாதிடலாம். சட்டப்படி அந்த வாதத்துக்கு இடமும் உண்டு. 2020 அக்டோபர் 8-இல் கைது செய்தார்கள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 மே 21-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சிறையிலிருந்தபடியே அவர் பேச்சைக் கேட்டது. சிறைக்கு வந்தபோது தானே குளிக்கவும் நடக்கவும் எழுதவும் முடிந்தது, அவை ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன என்று அவர் விவரித்தார். வரிசையாக, குழப்பமில்லாமல், வீடியோ கான்பரன்ஸில். மும்பைக்கு வராமலே எதைச் செய்ய முடியும் என்று சொன்னாரோ, அதைத்தான் செய்துகாட்டினார். ஜூலை 5-இல் இறந்தார்.

நோயைச் சாக்காக வைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கைது என்றதும் நெஞ்சுவலி வருகிற பெரிய மனிதர்களை நாம் பார்க்காததா! ஆனால் சாக்கு பலிப்பது முழு விலக்குக் கிடைக்கிற இடத்தில்தான். கோர்ட்டு அனுப்பும் கமிஷனர் இரு தரப்பு வக்கீல்களோடு வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்கார்ந்தால், நடிப்பவருக்கு என்ன லாபம்? புத்தி தடுமாறிய ஒருவர் சொல்வதை எப்படி ஏற்பது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நோயின் பெயரை வைத்து யாரையும் தள்ளச் சொல்லவில்லை சாட்சியச் சட்டம். கேள்வி புரிகிறதா, பொருத்தமாகப் பதில் வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. பேச முடியாதவர் எழுதியோ சைகையாலோ சொன்னாலும் அது வாய்மொழிச் சாட்சியமே. ஆக, சோதித்துப் பார்க்காமல் வேண்டாம் என்பதற்கும், சோதிக்காமல் ஏற்பதற்கும் இடமில்லை. நேரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை பறிபோகிறதே என்பார்கள் வக்கீல்கள். வீடியோ கான்பரன்ஸில் சாட்சியம் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் பிரபுல் தேசாய் வழக்கில் 2003-லேயே சொல்லிவிட்டது. கமிஷனர் முன்னாலும் குறுக்கு விசாரணை உண்டு. சாட்சியை மிரட்டும் உரிமையைத்தான் இழக்கிறார்கள் என்றால், அதற்காக நான் வருந்தப் போவதில்லை.

சட்டத்தில் இன்று பெரிய குறையில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியை வசிக்கும் இடத்திலேயே போலீஸ் விசாரிப்பதற்கான ஆண்களின் வயதை 60-ஆகக் குறைத்து, கடும் நோயாளிகளையும் சேர்த்திருக்கிறது. இல்லாதது நேரக் கணக்கு. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற சில மணி நேரத்தில் நன்றாகப் பேசுகிறவர், அதன் வேகம் இறங்கியதும் நாற்காலியோடு உறைந்துவிடுவார். பத்தரைக்கு வரச் சொல்லி, வழக்கை மூன்றரைக்குக் கூப்பிட்டால் கோர்ட்டுக்குக் கிடைப்பது வேறு ஒரு மனிதர். சாட்சியத் தாளில் பெயர், தகப்பனார் பெயர், வயது எழுதும் இடத்திலேயே கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்றும் ஒரு வரி எழுதி, அதை அனுசரித்து வழக்கைக் கூப்பிடலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.