ஏழூர் வலமும் இருசக்கரமும்

தஞ்சாவூருக்கு வடக்கே, காவிரியின் இரு கரைகளிலுமாக அமைந்த ஏழு சிவக்ஷேத்திரங்களைச் சப்தஸ்தானம் என்று வழங்குவது மரபு. திருவையாற்றில் தொடங்கிக் கிழக்கே திருப்பழனம், ஆற்றுக்குத் தெற்கே திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, மீண்டும் வடகரையேறித் தில்லைஸ்தானம் என்று வலமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் அவ்வழி, சைக்கிளில் செல்பவனுக்கு ஒரு பகற்பொழுதில் அடங்குவது. வாழைத் தோட்டங்களினூடும் நெல்வயல்களினூடும், வாய்க்கால் மதகுகளைக் கடந்தும், ஆற்றங்கரை மேட்டை ஒட்டியும் செல்லும் இதைப் போன்ற சைக்கிள் பாதை சோழ நாட்டில் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

நந்தியெம்பெருமானுக்குத் திருமழபாடியில் திருமணம் செய்வித்த ஐயாறப்பர், அத்திருமணத்துக்குப் பழனத்திலிருந்து பழமும், சோற்றுத்துறையிலிருந்து அன்னமும், பூந்துருத்தியிலிருந்து மலரும், நெய்த்தானமாகிய தில்லைஸ்தானத்திலிருந்து நெய்யும் வந்தமையால், மணமக்களை உடனழைத்துக்கொண்டு அவ்வூர்களுக்கெல்லாம் எழுந்தருளுகிறார் என்பது ஐதிகம். சித்திரை மாதத்து ஏழூர்த் திருவிழாவின் பொருள் அதுவே. பல்லக்கின் பின்னே ஜனங்கள் நடந்தே செல்வர். அந்த வழியைச் சக்கரத்தின்மேல் அமர்ந்து சுற்றினால் அது பிரதக்ஷிணமாகுமா, வெறும் பொழுதுபோக்காகுமா என்ற வினா எழுவது நியாயமே. அதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு: ஐயாற்றிலேயே நிறைந்திருக்கும் பொருளைக் காண்பதற்கு ஊர் ஊராக அலைவானேன்?

இவ்விரண்டாவது வினாவுக்கு விடை கூறத் தக்கவர் திருநாவுக்கரசரே. கயிலையைக் கண்டாலன்றித் திரும்புவதில்லை என்று வடதிசை நோக்கிப் புறப்பட்ட அவர், பாதங்கள் தேய்ந்தபின் கைகளை ஊன்றியும், கைகளும் தேய்ந்தபின் மார்பால் உந்தியும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்று, இறுதியில் அங்கிருந்த ஒரு பொய்கையில் மூழ்குமாறு பணிக்கப்பெற்று, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைப் பெற்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். கயிலை ஐயாற்றிலேயே இருந்ததென்றால் அத்தனை வருத்தம் வீணன்றோ என்று கேட்பவர், அவர் கண்டது இன்னதென்று நினைந்து பார்க்க வேண்டும். பிடியோடு வரும் களிறும், பெடையோடு கூடிய சேவலும் குயிலும் மயிலுமாக, எவரும் எந்நாளும் காணக்கூடிய உயிரினங்களையே அவர் சக்தியும் சிவமுமாகக் கண்டார். காட்சி முன்பே அங்கிருந்தது; அதைக் காணும் கண்ணே அவ்வழியில் பக்குவமாயிற்று. அநுக்கிரகம் பிரயாசைக்குக் கிடைக்கும் கூலி அன்று என்பதை நான் மனமார ஒப்புகிறேன். ஆயினும் பிரயாசையின்றி அதை ஏற்கும் தகுதி நமக்கு வாய்ப்பது எவ்வாறென்று எனக்கு விளங்கவில்லை.

சக்கரத்தைப் பற்றிய வினாவுக்கும் இவ்வழியிலேயே விடை கிடைக்கிறது. திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்து நாவுக்கரசர் தங்கியிருந்த காலத்தில், தம்மைக் காண வந்த ஞானசம்பந்தரின் சிவிகையை, எவரும் அறியாவண்ணம் கூட்டத்துள் புகுந்து தாமே சுமந்தார். அப்பராகிய நாவுக்கரசர் எங்குற்றார் என்று சம்பந்தப் பிள்ளையார் வினவ, அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்குற்றேன் என்னும் கருத்துப்பட விடை வந்ததும், சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்கினார். தம்மைச் சுமப்பவர் இன்னார் என்று அறிந்த கணத்தில் ஊர்தியில் அமர்ந்திருக்க அவருக்கு இயலவில்லை. வாகனத்தில் உள்ள இடர்ப்பாடு இதுதான்: ஏறியிருப்பவன் வேறு, வருந்துபவன் வேறு. சைக்கிளிலோ சுமப்பவனும் சுமக்கப்படுபவனும் ஒருவனே. அவன் மிதித்தாலன்றி அது ஓரடியும் நகராது. நாவுக்கரசர் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய உழவாரமும் ஒரு கருவியே. அக்கருவி கையில் இருந்தமையால் அவர் செய்த திருத்தொண்டு குறைந்துவிடவில்லை. தேகத்தின் உழைப்பை நீக்கிவிடாமல், அதைத் தொலைவுக்குக் கொண்டு செல்வதாகிய கருவியைச் சரியைத் தொண்டினின்றும் விலக்குவதற்குச் சித்தாந்த நெறியில் நான் காரணம் காணவில்லை. மோட்டார் வண்டியில் சுற்றுவோரை இழித்துரைப்பது என் நோக்கமன்று. முதியவர்க்கும் பிணியாளர்க்கும் அதுவே கதி.

மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது நெடுநாளைய வழக்கமாதலால், சித்திரையில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். பாலத்தை விடுத்து மணலில் இறங்குபவன் சக்கரம் புதைவதைக் கண்டு, இறங்கித் தன் வண்டியைத் தானே தள்ளியும் தூக்கியும் செல்ல நேரும். அதுகாறும் தன்னைச் சுமந்ததை அவன் சுமக்கும் அந்தச் சிறு தொலைவை நான் இப்பாதையின் சிறந்த பகுதி என்பேன். அடுத்த கரையேறியதும் எதிர்காற்று. அதற்கப்பால் வயலில் கொக்கு தன் துணையோடு நிற்கும். நிறுத்திக் காலூன்றி அதைப் பார்க்கலாம்; விரைந்து செல்லும் காருக்குள் இருப்பவனுக்கு அது வாய்ப்பதில்லை. ஆதலால் ஏழூரையும் இணைக்கும் இக்கரைவழிகளில் நிழல்மரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் திருவிழா நாட்களில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் அமைய வேண்டுமென்று ஊராரையும் கோயிலாரையும் வேண்டிக்கொள்கிறேன். புதிய மரங்களைக் கண்டியூருக்கும் பூந்துருத்திக்கும் இடையில் முதலில் நடுவார்களாக.