புகையும் அனுமானமும்

"அம்மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையிற்போல" என்று தர்க்கம் பயில வந்த மாணாக்கனுக்கு முதற்பாடம் சொன்ன நையாயிகர்கள் எனும் நியாய சாஸ்திரத்தார், புகை கண்ணெதிரே நிற்பது என்பதையும் நெருப்பே கருதியறியத் தக்கது என்பதையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டனவாகவே கொண்டிருந்தார்கள். 1999இல் ஏவப்பட்ட டெர்ரா என்ற செயற்கைக்கோளுக்கோ இந்த முறை தலைகீழாகிவிட்டது. காட்டுத்தீயின் வெப்பம் அதன் கருவிக்கு ஏறத்தாழ நேராகவே புலப்பட, புகையின் அடர்த்திதான் அனுமானத்துக்குரிய பொருளாகிறது.

நிலத்திலும் புகையிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றாய்க் கலந்தே கருவியை அடைவதால், நிலத்தின் பங்கு இவ்வளவு என்று ஊகித்துக் கழித்து, எஞ்சியதை முன்பே கணித்து வைத்த அட்டவணைகளோடு ஒப்பிட்டு, 'ஒளியியல் தடிமன்' என்ற எண்ணை விஞ்ஞானிகள் பெறுகிறார்கள். அந்த எண் 1 ஆனால், உச்சியில் நிற்கும் சூரியனின் நேர்க்கதிரில் சுமார் 37 சதவீதமே தரைக்கு வரும். இங்கேதான் பழைய சாஸ்திரத்தின் 'உபாதி', அதாவது மறைந்து நிற்கும் நிபந்தனை, நினைவுக்கு வருகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலும் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தாலன்றி நெருப்பிலிருந்து புகையைக் கருத முடியாது. அதுபோலவே துகள் எத்தகையது, எவ்வளவு ஒளியை விழுங்கும் என்ற உபாதிகளெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றன. பனிமூட்டத்தைப் புகையென்று மயங்குவதைப் பழைய நூலோர் எச்சரித்தார்கள். இயந்திரமோ சில வேளை அடர்ந்த புகையையே மேகமென்று தள்ளிவிடுகிறது, அதுவும் அறிய வேண்டிய இடத்திலேயே!

2020 செப்டம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் காட்டுத்தீப் புகையால் நண்பகலிலும் வானம் செம்மஞ்சளாய் இருண்டு, வண்டிகள் விளக்கேற்றி ஓடின. ஆயினும் புகை, கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றடுக்கின்மேல் தங்கிவிட்டமையால், தரையருகே காற்று, வானத்தைப் பார்த்து மக்கள் அஞ்சிய அளவுக்குக் கெடவில்லை. கேடு முற்றியது அடுத்த நாட்களில்தான். வானம் முழுவதையும் ஊடுருவிச் செயற்கைக்கோள் பெற்ற தொகை, மனிதன் மூச்சுவிடும் உயரத்தின் செய்தியாகிவிடாது.

அனுமானம் அறிவுக்கு வழியான பிரமாணமே அன்று என்ற பழைய உலகாயதனாகிய சார்வாகனுக்கு இதனால் வெற்றி என்று நான் கருதவில்லை. பழைய வினா 'உண்டா, இல்லையா' என்பது. இன்றைய வினா 'எவ்வளவு' என்பது. ஏரோநெட் என்ற தரைநிலைய வலையமைப்பின் கருவிகள் சூரியனையே நோக்கி அளந்த எண்ணோடு செயற்கைக்கோளின் எண்ணை ஒத்துப்பார்த்து, நிலப்பரப்பின்மேல் பிழை 0.05உம் மதிப்பில் 15 சதவீதமும் சேர்ந்த அளவுக்குள் பெரும்பாலும் அடங்கும் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். எல்லையைத் தானே சொல்லிக்கொண்டு வரும் இத்தகைய ஞானத்தை 'பிரமை', அதாவது மெய்யறிவு, என்று ஏற்கலாமா என்று கேட்டால், 'இன்னதற்கும் இன்னதற்கும் இடையே' என்பதையே அதன் விஷயமாகக் கொண்டு நையாயிகர் ஏற்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.